இரண்டு முள் போதாதா?

ஆசிரியருக்கு வணக்கம். கைக்கடிகாரம் சேர்ப்பவர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு: டயல் வெறுமையாக இருக்க வேண்டுமா, நிறைந்திருக்க வேண்டுமா என்று. நான் எளிமைக் கட்சி. 1932-ல் படேக் ஃபிலிப் என்ற சுவிஸ் நிறுவனம் கொண்டுவந்த கலட்ராவா என்ற கடிகாரத்தைப் பாருங்கள், வட்டமான கூடு, மெலிந்த குறிகள், முட்கள், அவ்வளவுதான், இன்றைக்கும் பழசாகத் தெரியவில்லை. ஜப்பானின் சிட்டிசன் கூட்டுடன் 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் ஜனதாவும் அதே ரகம்தான். சாவி கொடுத்தால் ஓடும், பேட்டரி கிடையாது.

அப்புறம் எதிர்க்கட்சிக்கு வருவோம்: பிரைட்லிங் என்ற சுவிஸ் நிறுவனத்தின் நாவிடைமர், டயல் நிறைந்த கடிகாரம். 1952-ல் விமானிகளுக்காக வந்தது. டயலைச் சுற்றியுள்ள அளவுகோலைத் திருப்பிப் பெருக்கல், வகுத்தல், எரிபொருள் கணக்குகூடப் போடலாம். அந்த நெரிசலுக்கு ஒரு வேலை இருந்தது, அதனால் மதிக்கிறேன். வேலையே இல்லாமல் அழகுக்கு மூன்று குட்டி வட்டம் வரைந்து விற்கிறார்களே, சில மலிவு மாடல்களில் அந்த வட்டங்களுக்குள் இருக்கும் முட்கள் நகரக்கூட நகராது, அதுதான் எரிச்சல். என் நண்பர் ஒருவர் அதையே ஆசையாக வாங்குகிறார். மணி பார்ப்பது போனில்தானாம், கையில் கட்டுவது ஜோருக்காம். சரி, அவர் கை, அவர் காசு. என் பிறந்தநாளுக்கு அதில் ஒன்றைப் பரிசாகத் தராமல் இருந்தால் போதும்.

– ஒரு வாசகர், மதுரை