அபராதம் அரசுக்கு, பாதிக்கப்பட்டவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பற்றி யார் எழுதினாலும் தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையும் அப்படித்தான். அந்தப் பணம் யாருக்குப் போகிறது? 34-ஆம் பிரிவைப் பாருங்கள்: இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசுக் கருவூலத்துக்கு. தகவலைப் பறிகொடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

நான் இந்தத் துறையில் வழக்கறிஞர். என் கட்சிக்காரர் ஒருவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கை ஒரு பரிசோதனைக் கூடத்தின் சர்வரிலிருந்து கசிந்து, அவர் வேலை பார்க்கும் இடம்வரை போய்விட்டது. புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம், புகார், விசாரணை என்று புதிய சட்டத்தை நான் விளக்கி முடித்ததும், "சரி மேடம், இதில் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் 43ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நிறுவனத்தின் அலட்சியத்தால் இழப்பு நேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே விசாரிப்பார். இதிலும் ஜெயிப்பது லேசில்லை. சர்வர் பதிவுகள் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும். கசிந்த அடையாள அட்டை நகலை வைத்து எவனோ கடன் வாங்கியிருந்தால், அந்த நகல் இந்த நிறுவனத்திலிருந்துதான் போனது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆனாலும் போய்க் கேட்க ஓர் இடம் இருந்தது. புதிய சட்டத்தின் 44-ஆம் பிரிவு அந்த 43ஏ-வையே நீக்குகிறது. வாரியம் விசாரிக்கக்கூடிய விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போக முடியாது என்கிறது 39-ஆம் பிரிவு.

இந்தச் சட்டத்துக்கு முன்பு வந்த 2018 வரைவிலும் 2019 மசோதாவிலும் இழப்பீட்டுக்கு வழி இருந்தது. நடுவில் காணாமல் போய்விட்டது. புகார் பொய் என்றோ அற்பமானது என்றோ முடிவானால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை மட்டும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள்!

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் 82-ஆம் பிரிவு மன உளைச்சலுக்கும் இழப்பீடு தருகிறது. பல்கேரிய வரித்துறையிலிருந்து தரவு கசிந்த வழக்கில், தகவல் தவறாகப் பயன்படுமோ என்ற அச்சமே பாதிப்பாகக் கருதப்படலாம் என்று 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. அந்த அளவுக்கு நாம் போகாவிட்டாலும் பரவாயில்லை, இருப்பதைப் பறிக்க வேண்டாமே.

2025 நவம்பரில் வந்த அறிவிக்கைப்படி, 43ஏ-வை நீக்கும் பகுதி 18 மாதம் கழித்தே அமலுக்கு வருகிறது. வாரியமே இழப்பீடு வழங்க ஒரு திருத்தம் கொண்டுவரும் வரை அந்தப் பகுதியை நிறுத்திவைக்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்புவார்களா?

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்