பக்கத்து வீட்டு ஆச்சிக்கும், மற்ற எல்லோருக்கும்

அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். நடந்ததை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை. எழுதவும் தேவையில்லை; இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த 23 நாளில் ஏதோ ஒரு நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள். மீதிப் பேர் தொலைபேசியில் எங்களோடு அழுதவர்கள்.

"நன்றி சொல்ல வேண்டியவர்களை எல்லாம் இப்போதே எழுதி வை, பிறகு மறந்துவிடும்" என்று அம்மா சொன்னார். ஓய்வுபெற்ற டீச்சர்; வருகைப் பதிவேடு போல எழுதி வைத்தால்தான் அவருக்கு எதிலும் நிம்மதி. நோட்டில் நான்கு பக்கம் வந்தது. அந்த நான்கு பக்கத்திலும் பக்கத்து வீட்டு ஆச்சி இல்லை. ஆச்சி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அடக்க ஆராதனைக்கு உடலை எடுத்தபோதுகூடத் தன் வீட்டு நடையில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் மொட்டை மாடிக்கும் ஆச்சி வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. அப்பா தினமும் விடிகிற நேரத்தில் மண்சட்டியில் தண்ணீரும், அலுமினியத் தட்டில் பழைய சோறும் கொஞ்சம் கம்பும் கொண்டுபோய் வைப்பார். வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, என்னென்ன வந்தது என்று எண்ணுவார். எண்ணியதை அன்றைய வேதவசனக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, படிக்கட்டு அறையில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பார். மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அந்தக் கம்பிதான். காகம் 11, மைனா 6, தவிட்டுக்குருவி 7, கிளி 2. கம்பி நிறைந்ததும் நூலில் கோத்துப் பெட்டிக்குள் போடுவார். பெட்டி என்றால் ஒன்றல்ல. அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்.

ஆச்சி வீடு சுத்த சைவம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோழி. ஒரு பங்குனி மாதம் ஆச்சி வெள்ளை வேட்டியை விரித்து வடகம் பிழிந்துவிட்டுக் கீழே போன நேரம், ஒரு காகம் எங்கள் வீட்டு எலும்பு ஒன்றைக் கொண்டுபோய் நட்டநடுவில் வைத்துவிட்டது. அவ்வளவு வடகத்தையும் அள்ளிக் குப்பையில் கொட்டினார் ஆச்சி. பிறகு சுவரோரம் வந்து நின்று, கால்வாய் மடை திறந்து அடைக்கிற லஸ்கர் வேலை பார்த்த அப்பாவிடம், "லஸ்கர் தம்பி, உம்முடைய விருந்தாளிகளை உம்முடைய வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்" என்றார். அப்பா ஏதோ சிரித்து மழுப்பப் பார்த்தார். அதோடு பேச்சு நின்றது. ஒன்பது வருடம்.

நியாயம் ஆச்சி பக்கம்தான். அன்று முதல் அப்பா எலும்பை எல்லாம் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார். ஆனால் அந்த அம்மாளிடம் "தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேதத்தை அவ்வளவு படித்த மனிதருக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. இறந்தவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். எங்கள் அப்பாவுக்கு அது தேவையில்லை. இந்தக் குறையையும் சேர்த்துத்தான் அவர்.

அடக்கம் முடிந்த மறுநாள் அதிகாலை எனக்குத் தூக்கம் வரவில்லை. மாடிக்குப் போனேன். காய்ந்த சட்டியும் அழுக்கேறிய தட்டும் கிடக்கும், எடுத்துக் கழுவி வைக்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். சட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. தட்டில் சோறு, சூடு ஆறாத பச்சரிசிச் சோறு, நெய் வாசனையோடு. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி கிடந்தது. எங்கள் வீட்டு முக்காலி இல்லை.

படிக்கட்டு அறையில் விளக்கைப் போட்டேன். கம்பியில் அப்பாவின் வசனத் தாள்களுக்கு மேலே வேறு தாள்கள். முருகன் படம் போட்ட காலண்டரில் கிழித்தவை. ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் அச்சிட்டவை. எண்ணிப் பார்த்தேன். 23. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பெரிய பெரிய எழுத்தில், நடுங்கும் கையால், கணக்கு.

பறவைகளின் பெயர் ஆச்சிக்கு அதிகம் தெரியாது. அதனால், "காக்கை 9. பச்சைக்கிளி 4. ஏழு பேர் கூட்டமாக வந்து ஒரே சண்டை." அது தவிட்டுக்குருவி. "நீள வால், செம்பு நிறம், தலை கறுப்பு, களவாணி மாதிரிப் பார்க்கிறது." வால்காக்கை. "மழை. சோறு கரைந்துவிட்டது. மத்தியானம் மறுபடி வைத்தேன்." ஒரு தாளில் மட்டும், "இன்று ஒன்றும் வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒன்று, கண் சிவப்பு, தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தது. கத்தவில்லை." அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் நோட்டைப் புரட்டித் தேடினேன்: வைரி. வேட்டைக்காரன் தொட்டி மேல் இருந்தால் மற்றது எப்படி வரும்? அப்பா இருந்திருந்தால் அந்த ஒரு வரிக்காக ஆச்சிக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

கடைசித் தாள் அப்பா போன தேதி. "சோறு வைத்தேன். எண்ணவில்லை."

தாள்களை எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் வலி. எப்படிச் சுவர் ஏறினீர்கள் என்று கேட்டேன். "பேரன் முக்காலியைத் தூக்கிப் போட்டான், ஏறினேன், அதற்கென்ன" என்றார். பிறகு சொன்னார்: "உன் அப்பா அதுகளைப் பழக்கிவிட்டுப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டார். காலையில் வந்து சுவரில் வரிசையாக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக் கத்தினால் நான் என்னட்டி செய்வேன்?"

சரி, எண்ணி எழுதியது ஏன் என்று கேட்டேன்.

"திரும்பி வந்தால் கேட்பாரே."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் வராத அழுகை.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொதுப்பணித்துறையில் லஸ்கர் வேலை. பாளையங்கால்வாய்க் கரையில் நடந்து, மடையைத் திறந்து, அடைத்து, விவசாயிகளின் தண்ணீர்ச் சண்டைக்குப் பஞ்சாயத்துச் செய்தே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார். "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப் பாருங்கள்" என்று மலைப்பிரசங்கத்தில் வருவதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்தில் முதல் ஆராதனை. அது முடிந்ததும் வேதப் புத்தகப் பைக்குள்ளிருந்து பைனாகுலர் வெளியே வரும், ஏதாவது ஒரு குளத்துக்குப் புறப்பாடு. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. இரவு ஏழரைக்குக் குடும்ப ஜெபம். பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டு, மேற்கே மழை கேட்பார். "பாபநாசம் அணை 143 அடியும் நிரம்பட்டும் ஆண்டவரே" என்று அடிக்கணக்கோடு கேட்பார். சின்ன வயதில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பை அடக்குவோம்.

கல்யாணமான புதிதில் அம்மாவைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, வழியில் கூந்தன்குளத்தில் இறக்கிவிட்டார். அப்போது அங்கே சரணாலயம் என்ற பலகைகூடக் கிடையாது. அரசு அறிவித்ததே 1994இல்தான். ஊர்க்காரர்கள் தெருவில் நிற்கிற மரங்களில் நாரைகள் கூடு கட்ட, கீழே விழுந்த குஞ்சுகளை அந்த வீட்டுக்காரர்களே எடுத்து மீன் கொடுத்து வளர்க்கிற ஊர் அது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். "புதுப்புடவையோடு எச்சம் விழுகிற மரத்தடியில் நின்றேன்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். 2022இல் கூந்தன்குளம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்ததும், அப்பா அந்தப் பத்திரிகைத் துண்டை அம்மா கையில் கொடுத்து, "நான் உன்னைச் சாதாரண இடத்துக்கா கூட்டிப்போனேன்?" என்றார்.

அங்கே மார்கழி, தை மாதங்களில் வரித்தலை வாத்துகள் வரும். திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறவை. "அதுகளுக்கு நாங்குநேரி தாலுகாவுக்கு வழி தெரிகிறது, சென்னையில் இருக்கும் என் மகளுக்குத் தெரியவில்லை" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரித்துவிட்டு, அலுவலக வேலையைச் சொல்லிப் போனை வைப்பேன். இப்போது அதை நினைக்காமல் ஒரு ராத்திரியும் போகவில்லை.

மற்றவர்களுக்கு வருகிறேன். இரத்தம் கொடுத்த தம்பிமார், முக்கியமாக இரவு இரண்டு மணிக்கு வள்ளியூரிலிருந்து பைக்கில் வந்த இரண்டு பேர். உங்கள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை, மன்னியுங்கள். முறை வைத்து ராத்தங்கிய சபை அண்ணன்மார். அப்பாவின் காதருகே கீர்த்தனை பாடிய பாடகர் குழு அக்காமார். சேகர குருவானவரும் உபதேசியாரும். வேளை தவறாமல் சோறு கொடுத்துவிட்ட தெருக்காரர்கள். வார்டில் எங்களை அதட்டிய சிஸ்டரும், அதட்டாத சிஸ்டரும். கொட்டும் மழையில் குழி வெட்டியவர்கள். கால்வாய்க் கரை ஊர்களிலிருந்து மண்வெட்டியோடு அப்படியே வயலிலிருந்து வந்து நின்ற பெரியவர்கள். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் அப்பாவோடு குளம் குளமாக அலைந்த பிள்ளைகள். நீங்கள் சவப்பெட்டிக்குள் அவருடைய பழைய பைனாகுலரை வைக்கட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று சொன்னது நான்தான். கோபம் இல்லை, எனக்கு வேண்டும் என்பதால்தான்.

ஏனென்றால் வருகிற ஜனவரிக் கணக்கெடுப்புக்கு நான் வருகிறேன். அப்பா வழக்கமாகப் பார்க்கும் குளத்தை எனக்கே கொடுங்கள். நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. யாராவது ஒருவர் கூட நின்று சொல்லித் தாருங்கள். விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவை என்னோடு சென்னைக்கு அழைத்துக்கொண்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா கேட்டார்: "மாடியில் யார் வைப்பார்கள்?" "ஆச்சி இருக்கிறார்களே" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆச்சி காகத்துக்கு வைக்காமல் சாப்பிடுவதில்லை. முன்னோர் வந்து உண்பதாக அவர்கள் நம்பிக்கை. எங்கள் நம்பிக்கை வேறு. அப்பாவும் அதைப் பற்றி மேடையில்லாமலே பிரசங்கம் செய்யக் கூடியவர். முந்தாநாள் காலையில் ஆச்சி தட்டை வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் "வாரும் தம்பி" என்று கூப்பிட்டார். நானும் அம்மாவும் படிக்கட்டில் நின்று கேட்டோம். ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிவிட்டோம்.

ஆச்சி, நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு இதைப் படிப்பீர்களோ, பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்பீர்களோ தெரியாது. அப்பா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்: அந்த வடகத்துக்கு மன்னித்துவிடுங்கள், தப்பு எங்களுடையது. டவுனில் நல்ல வலையாகப் பத்து முழம் வாங்கி வைத்திருக்கிறேன். பங்குனி வெயிலுக்கு நீங்கள் பிழியுங்கள், கட்டுவதற்கு நான் வருகிறேன். முக்காலியை எடுத்துவிட வேண்டாம்.