கடனைக் கேளுங்கள், வெருட்டாதீர்கள்: யாழ்ப்பாணத்து நுண்கடன் நிறுவன முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

உங்களில் ஒருவரின் வசூல்காரர் யாரோ ஒரு பெண்ணுக்கு அனுப்பிய வெருட்டல் எனது போனுக்கு வந்து சேர்ந்தது. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் இது தங்களுக்கில்லை என்று இருந்துவிடுவீர்கள்.

எனது இலக்கம் அண்மையில் வாங்கிய சிம். முன்பு அந்தப் பெண்ணிடம் இருந்திருக்கிறது. நெடுநாள் பாவிக்காத இலக்கத்தைத் தொலைபேசிக் கம்பனிகள் திரும்ப விற்பது வழமைதான். அவர் சிம்மை விட்டுவிட்டார், உங்கள் கோப்பில் மட்டும் இலக்கம் அப்படியே கிடக்கிறது.

வட்ஸ்அப்பில் வந்த வொய்ஸ் அது. இளம் பொடியன் ஒருவனின் குரல். பின்னால் மோட்டார் சைக்கிள் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே பெண்ணின் பெயர், ஊர், கடன்குழு, நிலுவைத் தொகை. அப்புறம் இது: "நாளைக்கு விடிய உன்ர படலையில வந்து நிப்பன். காசு வைக்கேல்லையெண்டா, உன்ர மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லாருக்கும் முன்னால கேப்பன். பாத்துக்கொள்." பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்கிறான்.

திருப்பி எடுத்து, "தம்பி, இது அவவின்ர நம்பர் இல்லை" என்றேன். "அப்ப அவவின்ர புது நம்பரைத் தாங்கோ" என்றான். தெரியாது என்றதும், நான் சொந்தக்காரி, ஒளிக்கிறேன் என்று சத்தம் போட்டான். கிளை அலுவலகத்துக்கும் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த கிழமை இன்னொரு வொய்ஸ் வந்தது.

அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு எவ்வளவு கடன், எத்தனை கிழமைக் காசு கட்டவில்லை, பிள்ளை எங்கே படிக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் உள்வீட்டு விஷயம் இது. கடன் எடுக்கும்போது நம்பிக் கொடுத்த விபரத்தை இப்படி ஊரில் இறைத்துவிடும் உரிமையை உங்களுக்கு யார் தந்தது?

நம்மூரில் லோன்காரர் படலையில் வந்து நின்றால் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். அது தெரிந்துதான் நிற்கிறார்கள். குழுக்கடன் என்றால் இன்னும் மோசம். ஒருவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்களின் தலையில் விழும், நேற்றுவரை ஒன்றாக இருந்தவர்களே வாசலில் வந்து சண்டை பிடிப்பார்கள். போரில் கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்களைத் தேடிப் போய்த்தானே கடன் கொடுத்தீர்கள்.

இது புதுக்கதையும் இல்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, வசூல்காரர்களிடம் பெண்கள் படும் துன்புறுத்தலைத் தனது அறிக்கையில் எழுதினார். இவ்வளவுக்குப் பிறகும் இப்படி ஒரு வொய்ஸ் அனுப்பத் துணிவு வருகிறதென்றால், மேலே இருப்பவர்கள் தடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்தப் பொடியனை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அவனும் இங்கத்தைய பிள்ளைதான், வேலை கிடைக்காமல் இதற்கு வந்திருப்பான். மாத முடிவுக்குள் இவ்வளவு காசு வரவேண்டும் என்று கணக்குக் கொடுத்து அனுப்புகிறவர்கள் நீங்கள். எப்படி வாங்கினாய் என்று கேட்காதவர்களும் நீங்கள்.

கொடுத்த காசைக் கேட்பது உங்கள் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. அதற்கு வழி இருக்கிறது. எழுத்தில் அறிவித்தல் அனுப்பலாம். தவணையை மாற்றிக் கொடுக்கலாம். பிணக்கு என்றால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன, அதற்கும் மேலே நீதிமன்றம் இருக்கிறது. உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கேடு செய்வேன் என்று ஒருவரைப் பயமுறுத்துவது தண்டனைச் சட்டக் கோவையின் 483ஆம் பிரிவு சொல்லும் குற்றம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையின் மானத்தை வாங்குவேன் என்பது வேறென்ன?

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. அந்தப் பெண் இந்த வொய்ஸைக் கேட்கவே இல்லை. சொன்னபடி மறுநாள் அவர் படலைக்குப் போனார்களா, பள்ளிக்கூடத்துக்குப் போனார்களா? அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டாள்? ஊரும் பெயரும் தெரியும், தேடிப் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் முன்பின் தெரியாத நான் போய் நின்றால், இன்னொரு ஆளுக்கும் தன் கடன் தெரிந்துவிட்டது என்றுதான் அவர் குறுகிப் போவார்.

ஆகவே அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஒரு பெண் உத்தியோகத்தரை அவரிடம் அனுப்புங்கள். அவருடைய விபரம் வேறொருவரின் கைக்குப் போய்விட்டது என்பதைச் சொல்லி, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தமிழில் எழுதி, கையொப்பமிட்டுக் கொடுங்கள். மற்ற நிறுவனங்களும் உங்கள் கோப்புகளில் உள்ள இலக்கங்களை ஒருமுறை சரிபாருங்கள். வசூலுக்குப் போகிறவர்கள் வொய்ஸ் அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இப்படி வெருட்டப்படும் அக்கா தங்கையரே, மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வந்த வொய்ஸை அழித்துவிடாதீர்கள். எனக்கு வந்த இரண்டையும் நான் வைத்திருக்கிறேன். பொலிஸுக்குப் போவதா என்பதை அந்தப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும். போவதென்றால் சாட்சி சொல்ல நான் வருவேன்.

இப்படிக்கு,
நல்லூரிலிருந்து ஒரு தாய்