மலேரியா மாத்திரையும் சம்பந்தியம்மாவும்

ராயபுரம்

அன்புள்ள கலா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடவில்லை என்று திட்டாதே. என்னைத் திட்ட வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

மீனா உண்டாகியிருக்கிறாள். ஐந்தாம் மாதம். ஆமாம், நம் மீனாவேதான்! உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய் அவளுக்கு; "லூபஸா? குழந்தை ஆசையை விட்டுடுங்க" என்று ஒரு டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாரே, வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டில் நீ அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தாயே, அதே மீனா.

இப்போது தகராறு மாத்திரையில். 2020ல் கொரோனா சமயம் கடைகளில் கிடைக்காமல் நீ சேலத்திலிருந்து அட்டை அட்டையாக அனுப்பினாயே, ஹைட்ராக்சிகுளோரோகுயின், அதேதான். மலேரியாவுக்கு வந்த மாத்திரை, லூபஸையும் அடக்கி வைக்கிறது. "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு மலேரியா மாத்திரை எதுக்கு?" என்கிறார் திருவொற்றியூர் சம்பந்தியம்மா. இந்தப் பெண்ணும் பயந்து கொஞ்ச நாள் நிறுத்திவிட்டாள். விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய், லூபஸுக்குப் பார்க்கிற ருமாட்டாலஜி டாக்டரிடம் நன்றாகத் திட்டு வாங்கினாள். மாத்திரை குழந்தைக்குக் கெடுதல் செய்வதில்லையாம். நிறுத்தினால் நோய் கிளம்புவதுதான் இருவருக்கும் ஆபத்தாம்.

அதிலிருந்து எனக்கு ராத்திரியெல்லாம் இதைப் பற்றிப் படிப்பதே வேலையாகிவிட்டது. சிரிக்காதே, பயாலஜியில் உன்னைப் பார்த்து எழுதியவள்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் லூபஸ் உள்ள 385 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2015ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். 81 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல் எதுவுமில்லை. அந்த டாக்டர் முகத்தில் இதை ஒட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நிதானமாகப் படித்தால், சேர்த்துக்கொண்டதே நோய் அடங்கியிருந்தவர்களை அல்லது லேசாக, நிலையாக இருந்தவர்களைத்தான். சிறுநீரில் புரதம் அதிகம் போனவர்களைச் சேர்க்கவில்லை. கருத்தரிக்குமுன் ஆறு மாதமாவது நோய் அடங்கியிருக்க வேண்டும் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். மீனாவும் அப்படித்தான் காத்திருந்தாள். லூபஸுக்குச் சாப்பிட்டுவந்த மைக்கோஃபினோலேட் என்ற மாத்திரை கருவுக்கு ஆகாது என்று முன்கூட்டியே அசதியோப்ரின் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். திட்டம் போட்டுப் பெற்றுக்கொள்கிற பெண்ணுக்கே இந்தச் சிரமம். ரத்தப் பரிசோதனைக்கே காசு புரட்ட முடியாதவள் என்ன செய்வாள் சொல்லு.

ராத்திரி ஆஸ்பிரின் வேறு. பிரஷர் ஏறாமல் இருக்க. அதற்கும் 2017ல் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது: ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு மூன்றாம் மாத வாக்கிலிருந்து தினம் 150 மில்லிகிராம். 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும்படி வருகிற பிரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வரும் சிக்கல், 4.3 சதவீதத்திலிருந்து 1.6க்கு இறங்கியது. சம்பந்தியம்மாவிடம் இதைச் சொன்னால், "ரத்தம் தண்ணியாயிடும்" என்கிறார்.

சரி, உனக்குச் சொல்லாமல் யாரிடம் சொல்வது. மீனாவுக்கு ஆன்டி ரோ பாசிட்டிவ், அதாவது குழந்தையின் இதயத்தைத் தாக்கக்கூடிய ஓர் எதிர்ப்பொருள் அவள் ரத்தத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட தாய்மாரில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் குழந்தையின் இதயத்துக்குள் போகிற மின்சமிக்ஞை தடைபட்டு, துடிப்பு மெதுவாகிவிடுமாம். அதற்காக அடிக்கடி இதய ஸ்கேன். மீதி 98 பேர் எனக்குத் தெரியத்தான் செய்கிறார்கள், கலா. ஆனால் ஸ்கேன் அறைக் கதவு சாத்தியதும் அந்த இரண்டு பேர்தான் கண்முன் நிற்கிறார்கள். அவளிடம் இதைக் காட்டிக்கொள்வதில்லை. "ஒண்ணும் ஆகாதுடி" என்று இளித்துவிட்டு வெளியே வந்து அழுகிறேன்.

உன் பையன் பரீட்சை என்ன ஆயிற்று? எழுது. அதைவிட முக்கியம், ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாவுக்கு ஒரு போன் போடு. கல்யாணத்தில் உன் வத்தக்குழம்பைச் சாப்பிட்ட நாளிலிருந்து உன் பேச்சென்றால் அவருக்கு வேதவாக்கு. மாத்திரைப் பேச்சை முதலில் எடுக்காதே, முழங்கால் வலியை விசாரி.

உன்,
சரோ