சயாமுக்குப் போனவரின் தட்டு

அன்புள்ள பாலா,

நலம்தானே? சுங்கை சிப்புட்டில் ஒரு வாரமாகச் சாயங்கால மழை. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. காலையில் பசியாற அவரே ஏதாவது செய்துவிடுகிறார். சின்னவள் படிவம் மூன்றுக்குப் போய்விட்டாள்.

நீ அனுப்பிய பேய்க்கதையை இரண்டு தடவை படித்தேன். போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போன தாத்தா, ராத்திரியில் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வருகிறார் என்ற கரு என்னை விடவே இல்லை. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேருக்குச் சாவுச் செய்திகூட வரவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் காத்துக் கிடந்த வருஷங்கள் அவை. உன் கதையின் பயம் அங்கேதான் இருக்கிறது. நீயோ கதவைத் திறந்ததும் சிவந்த கண், ரத்தம் ஒழுகும் வாய், அழுகிய கை என்று ஒரே பத்தியில் கொட்டிவிட்டாய். படிக்கும்போது எனக்கு அருவருப்புதான் வந்தது. முகத்தையே காட்டிவிட்டால், அப்புறம் எதைப் பார்த்து நான் பயப்படுவது?

பாட்டி தினமும் அவருக்கென்று ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அங்கே நில், பாலா. ஒரு நாள் காலையில் அந்தத் தட்டு காலியாகி, கழுவி, அவர் எப்போதும் வைக்கிற இடத்தில் கவிழ்த்துக் கிடக்கட்டும். அடியில் ஈரம் இன்னும் காயவில்லை. பாட்டி யாரிடமும் மூச்சு விடாமல், அன்று ராத்திரி ஒரு கரண்டி கூடுதலாகச் சோறு வைக்கிறார். இதற்கு மேல் தாத்தா வரவே வேண்டாம்.

அம்மா பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் எடுத்த காலத்தில் நடந்ததாக ஒன்று சொல்வார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். நெற்றி விளக்கின் வெளிச்சம் ஒரு மரத்துக்குத்தான் எட்டும். அன்று தன் நிரையின் முதல் மரத்தில் உளியை வைக்கப் போனால், பட்டை ஏற்கெனவே சீவியிருக்கிறது. புதுச் சீவல். வெள்ளையாகப் பால் இறங்கி, அதைப் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தில் சொட்டுகிறது. அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததும். "சீவுன சாய்வு என் கை மாதிரியே இருந்துச்சு" என்பார். அந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கிவிடும். எத்தனை தடவை கேட்டும் எனக்கு முதுகு சில்லிடுகிறது. தன் கையெழுத்து மாதிரி தெரிந்த வேலை அது, அதை வேறு எதுவோ செய்துவிட்டுப் போயிருக்கிறது.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொந்தியானாக் என்கிற பெண்பேயின் அழுகை பலமாகக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், மெலிந்து கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களே, அதை யோசித்துப் பார். சத்தம் அடங்கியதும் நிம்மதியாகிற நம் மனசையே அது பிடுங்கிக்கொள்கிறது. உன் கதையில் இடி, ஊளை, அலறல் எல்லாம் உச்சத்திலேயே இருக்கின்றன. ரப்பர்க் காய் வெடித்து விதை தகரக் கூரையில் விழுகிற ஒரு 'டப்' போதும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கக் கூடாது.

இப்போது இங்கே பால்மரம் குறைந்து, எங்கு பார்த்தாலும் செம்பனைதான். எலியைப் பிடிக்கக் கூகைகளுக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். போன வாரம் மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒன்று பெட்டி வாசலில் உட்கார்ந்திருந்தது. உடம்பு அசையவில்லை, அந்த வெள்ளை முகம் மட்டும் நான் போகிற பக்கமெல்லாம் திரும்பியது. வேண்டுமானால் எடுத்துக்கொள்.

திருத்தி எழுதி தீபாவளிக்கு வரும்போது கொண்டுவா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம். லயத்து வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவி எங்கே கவிழ்ப்பார்கள், அடுப்படியிலா பின்வாசல் தொட்டிப் பக்கமா என்று அவர் சரியாகச் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
ரவி