அம்மிணி, உன் பீரைக் குடித்துப் பார்த்தோம்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. விஸ்கி பீப்பாயில் ஊற வைத்த உங்கள் கம்பெனி பீர் என்று நீ கொண்டுவந்து கொடுத்த இரண்டு பாட்டிலில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்தோம். எப்படி இருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரியப்பா வந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். நீ சொன்னபடியே பிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்து, சில்லிப்பு குறைந்த பிறகுதான் ஊற்றினேன். நுரை காப்பி நிறத்தில் மெல்லிசாக எழும்பி உடனே அடங்கிவிட்டது. டம்ளரை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன், அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு கறுப்பு.

முதலில் மோந்து பார்த்தது உன் அம்மாதான். குடிக்கமாட்டாள் என்று உனக்குத் தெரியும். மூக்கருகில் வைத்துவிட்டு, "இதுல கொப்பரை வாசம் வருதுங்க" என்றாள். நானும் மோந்தேன். காப்பியும் கருப்பட்டியும் முன்னால் வருகிறது, அதன் பின்னாலேயே காய்ந்த தேங்காய். தேங்காய் போட்டிருப்பார்கள் என்று பெரியப்பா அடித்துச் சொன்னார். ஒரு சில்லுகூடப் போடவில்லை, அது பீப்பாய் மரத்திலிருந்து வருகிற வாசம் என்று நீ சொன்னதை நான் சொன்னேன். ஆயுசு முழுக்கத் தென்னையில் ஏறியவர் அதை நம்புவாரா? அவருக்கு நான் விளக்கியது சரிதானா என்று நீயே பார்த்துக்கொள்.

அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியைப் புது ஓக் மரப் பீப்பாயில், உள்பக்கத்தை நெருப்பில் கருக்கித்தான் வைக்க வேண்டும். ஒரு தடவை வைத்து எடுத்துவிட்டால் அதே பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது. சுமார் 200 லிட்டர் பிடிக்கிற நல்ல பீப்பாய். அதை உங்களைப் போன்ற பீர்க்காரர்கள் வாங்கி, வறுத்த பார்லியில் காய்ச்சிய ஸ்டவுட் என்கிற கனமான கறுப்பு பீரை ஊற்றி மாதக்கணக்கில் வைக்கிறீர்கள். மரத்தில் ஊறிக் கிடக்கிற விஸ்கி பீரில் இறங்குகிறது. வெயில் காலத்தில் பீர் மரத்துக்குள் போகிறது, குளிரில் வெளியே வருகிறது. அமெரிக்க வெள்ளை ஓக்கிலேயே தேங்காய் வாசம் தருகிற ஒரு பொருள் இருக்கிறது. கருக்கும்போது வெனிலா வாசமும் வருகிறது. 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் கம்பெனி இப்படி ஒரு ஸ்டவுட் போட்ட பிறகுதான் இந்தப் பழக்கம் அங்கே பரவியது என்றும் சொன்னேன். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பீப்பாயில் இருக்கும்போதே கொஞ்சம் ஆவியாகிப் போய்விடும் என்ற இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டார். "அத்தனையும் சும்மா போவுதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சரி, ருசிக்கு வருகிறேன். நாக்கில் வைத்ததும் வறுத்த கசப்பு. அது போவதற்குள் கருப்பட்டி இனிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. முழுங்கின பிறகு நெஞ்சுக்குள் மெதுவாகச் சூடு இறங்குகிறது. கடைசியில் நாக்கின் ஓரத்தில், பாக்கு மென்ற மாதிரி ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அது இல்லாவிட்டால் இனிப்பு திகட்டியிருக்கும். உங்கள் ஆட்கள் எந்த நாளில் பீப்பாயிலிருந்து இறக்க வேண்டும் என்று தெரிந்து இறக்கியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மரத்தின் ருசி தூக்கலாகியிருக்கும் என்று என் நாக்கு சொல்கிறது. "சாராயத்தோட சூடு இருக்கு, நாத்தம் இல்ல" என்றார் பெரியப்பா. அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது வேறு. நம் கள் இறக்குகிற தொழிலில் காத்திருப்பதெல்லாம் முன்னாடிதான். பாளையைக் கட்டி, தட்டி, பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். சொட்ட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் ஓட்டம்தான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் இனிப்பான தெளுவாக நிற்கும். தடவாவிட்டால் மரத்தின் மேலேயே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கினது இனிப்பு, மத்தியானம் காரம், மறுநாள் காடிக்குத்தான் ஆகும். அதனால்தான் நம் சித்தூர் தாலுக்காத் தோப்புகளிலிருந்து விடிந்தும் விடியாமல் வண்டிகள் திருச்சூருக்கும் எர்ணாகுளத்துக்கும் பறக்கின்றன. அப்பாரு காலத்திலும் என் காலத்திலும் நேரம்தான் எங்களுக்கு எதிரி. நீ அதே நேரத்தை வேலைக்காரனாக வைத்துக்கொண்டிருக்கிறாய். ஊரில் சிலர் "பொண்ணு பீர் கம்பெனியிலயா வேலை செய்யுது?" என்று இழுப்பார்கள். நம் வீட்டுத் தொழிலைத்தான் செய்கிறாள் என்று நிமிர்ந்து நின்று சொல்கிறேன். மனசாரத்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. பாட்டிலில் ஆல்கஹால் 13 சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுத்தான் படித்தேன். நாங்கள் நாலு பேர் அரை லிட்டரைப் பங்கு போட்டோம், ஆளுக்கு 125 மில்லி. ஐந்து சதவீதக் கள்ளில் கணக்குப் பார்த்தால் அது 325 மில்லிக்குச் சமம். ஒரே ஆள் முழுப் பாட்டிலையும் குடித்தால் 1.3 லிட்டர் கள். கள் வயிற்றை நிரப்பி, போதும் என்று தானே சொல்லிவிடும். இந்த இனிப்பு அப்படிச் சொல்லாது. தமிழ்நாட்டில் 1987இல் கள்ளை நிறுத்தியதிலிருந்து பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கிற நம் கள்ளு ஷாப்புக்கு வருகிறார்களே, அவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நீ. திரும்பிப் போகிற அவசரத்தில் மடமடவென்று குடித்துவிட்டு வண்டியை எடுப்பார்கள். குடித்த அளவோடு அந்த அவசரமும் சேர்ந்துதான் ஆளைக் கவிழ்க்கிறது. உங்கள் பீர் அவசரத்தில் குடிக்கிறவன் கைக்கும் போகுமே. அந்த 13ஐக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லி உங்கள் முதலாளியிடம் பேசு. இரண்டு மூன்று பேர் சேர்ந்து குடிக்க வேண்டிய பாட்டில் என்றும் ஒரு வரி எழுதினால் நல்லது. நீயும் ருசி பார்க்கிற வேலையில் இருப்பவள், வெறும் வயிற்றில் பார்க்காதே. அம்மா இதை எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள்.

பெரியப்பா ஒரு யோசனை சொன்னார், எனக்கும் அது சரியென்று பட்டது. மரமே தேங்காய் வாசம் கொடுக்கிறது என்றால், காய்ச்சும்போது நம் தென்னங்கருப்பட்டியைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தால் என்ன? ஈஸ்டுக்குத் தின்னச் சர்க்கரைதானே. நல்ல கட்டியாக எத்தனை கிலோ வேண்டுமென்றாலும் இங்கே பார்த்து வாங்கித் தருகிறேன். சின்ன அளவில் போட்டுப் பார்க்க உங்கள் இடத்தில் விடுவார்களா என்று கேள்.

இரண்டாவது பாட்டிலை ஓணத்துக்கு நீ வரும்வரை திறக்கப்போவதில்லை. இப்போதைக்கு அரிசி மூட்டை அறையில், இருட்டில், நிற்க வைத்திருக்கிறேன். இந்தச் சூட்டில் அது அங்கேயே இருக்கலாமா, இல்லை பிரிட்ஜில்தான் வைக்க வேண்டுமா? சீக்கிரம் போன் பண்ணிச் சொல்லு கண்ணு.

அன்புடன்,
அப்பா