விடயம்: 18 கணினிகளின் செயலி அமைப்புகள் இன்னும் பூட்டப்படவில்லை (மூன்றாவது புகார்)

ஹட்டன்

பொறுப்பாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா/அம்மணி,

எங்கள் தோட்ட அலுவலகத்தில் 11, இரண்டு தொழிற்சாலைகளில் 7, ஆக 18 கணினிகள். அவற்றின் செயலி அமைப்புகளை (பயர்பொக்ஸ், எக்செல் போன்ற மென்பொருள்களின் செட்டிங்ஸை) ஒரே இடத்திலிருந்து நிருவகித்து, பாவனையாளர் கைவைக்க முடியாதபடி பூட்டித் தருவதாகவே ஒப்பந்தம். பணம் முழுதும் கட்டியாயிற்று. பூட்டு மட்டும் விழவில்லை. முன்னைய இரு கடிதங்களுக்கும் "முறைப்பாடு பதியப்பட்டது" என்ற தானியங்கிப் பதில்தான் வந்தது.

உங்கள் வேலையை நாங்களே சோதித்தோம். பயர்பொக்ஸ் உலாவிக்கு நீங்கள் வைத்த பொலிசீஸ்.ஜேசன் என்ற விதிக் கோப்பில் ப்ரொக்சி (இணையத்துக்குப் போகும் இடைவழங்கி) முகவரி உண்டு, அதன் போர்ட் எண்ணும் உண்டு. 'லொக்ட்: ட்ரூ' என்ற வரி இல்லை. அது இல்லாவிட்டால் பூட்டே இல்லை, வெறும் ஆரம்ப அமைப்பு. யாரும் செட்டிங்ஸில் போய் 'நோ ப்ரொக்சி'யைத் தெரிவு செய்யலாம். செய்தார்கள். கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் காணொளி பார்த்துவிட்டு ப்ரொக்சியைத் திருப்பிப் போடாமல் விட்டுப் போனதில், மறுநாள் காலை கொழுந்து நிறை பதியும் பக்கம் திறக்கவில்லை. தராசடியில் ஆட்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள்.

தொழிற்சாலைக் கணினிகளில் நிலைமை இதைவிட மோசம். அதே கோப்பில் கடைசி உருப்படிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி கூடுதலாகக் கிடக்கிறது. அந்த ஒன்றுக்காகவே பயர்பொக்ஸ் கோப்பு முழுவதையும் ஒதுக்கிவிடும். முகவரிப் பட்டையில் அபவுட்:பொலிசீஸ் என்று அடித்தால் பிழை கண்ணெதிரே நிற்கும். அரை நிமிட வேலை. உங்களில் ஒருவரும் அடித்துப் பார்க்கவில்லை.

இதைச் சொல்ல அழைத்தபோது உங்கள் முகவர் தந்த பதில்: "தோட்டத்துக் கொம்பியூட்டர்தானே, அங்க யாரு செட்டிங்ஸ் எல்லாம் மாத்தப் போறாங்க?" பிறகு, குரூப் பொலிசி (மையத்திலிருந்து கணினிகளுக்கு அனுப்பும் விதிகள்) தானாகப் புதுப்பிக்க 90 நிமிடமாகும், பொறுங்கள் என்றார். அது எங்களுக்கும் தெரியும்; அதற்கு மேல் 30 நிமிடம் வரை கூடலாம் என்பதும் தெரியும். ஆனால் அந்த 7 கணினிகளையும் நீங்கள் டொமைனில் (மையத்திலிருந்து நிருவகிக்கும் வலையமைப்பில்) சேர்க்கவே இல்லையே! 90 நிமிடமல்ல, 90 வருடம் பொறுத்தாலும் பொலிசி எங்கே வந்து சேரும்?

எக்செல் மக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொடர்) அமைப்பும் இதே கதைதான். அதைப் பொலிசியாகப் போடாமல் பிரிபரன்ஸாக (மாற்றக்கூடிய விருப்ப அமைப்பாக) போட்டிருக்கிறீர்கள். வின்டோஸின் அமைப்புத் தரவகமான ரெஜிஸ்ட்ரியில் 'பொலிசீஸ்' கிளைக்குள் எழுதினால் எக்செலில் அந்தத் தெரிவு மங்கலாகி அசையாது. சாதாரணக் கிளையில் எழுதியதை எவரும் மாற்றலாம். யாரோ மக்ரோவை நிறுத்த, செக்ரோல் (சம்பளப் பட்டியல்) தாள் ஓடவில்லை. 10ஆம் திகதிக்குள் சம்பளம் போட வேண்டிய தோட்டத்தில் நூற்றுக்கணக்கானோரின் பேர்நாளை (வேலை செய்த நாட்கணக்கை) கையால் கூட்டினோம். அந்த மாதக் கணக்கே நாசம் என்றுதான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு எல்லாப் பாவனையாளருக்கும் அட்மின் (முழுக் கட்டுப்பாட்டு) உரிமையை விட்டுப் போயிருக்கிறீர்கள். கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை.

இதற்கெல்லாம் நீங்கள் சொன்ன பரிகாரம், இரண்டு கணினிகளைக் கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னது. மழையில், கினிகத்தேனை வளைவுகளில், வான் பிடித்துக் கொண்டுவந்தோம். வின்டோஸை மீண்டும் நிறுவி, அதே காற்புள்ளியோடு அதே கோப்பைப் போட்டுத் திருப்பித் தந்தீர்கள். நோட்பேடில் ஓர் எழுத்தை அழிக்க வான் கூலியா? பற்றுச்சீட்டு இணைத்துள்ளோம்.

தயவுசெய்து 14 நாட்களுக்குள் விடயம் தெரிந்த ஒருவரை இங்கேயே அனுப்புங்கள். 7 கணினிகளும் டொமைனில் சேர வேண்டும், அட்மின் உரிமை அகற்றப்பட வேண்டும், மக்ரோ அமைப்பு பொலிசியாக மாற வேண்டும், பயர்பொக்ஸ் கோப்பு திருத்தப்பட வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் ஜீபிரிசல்ட் அறிக்கை (எந்தப் பொலிசி வந்து சேர்ந்தது என்று காட்டுவது) எடுத்துக் கையொப்பத்துடன் தர வேண்டும். வான் கூலியும் வர வேண்டும். உங்களோடு தொடர்ந்து வேலை செய்யவே விரும்புகிறோம். தவறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எங்கள் சட்டத்தரணிக்கும் இதே கடிதம் போகும்.

அழைப்புகள் பதிவாவதாக உங்கள் இயந்திரமே சொல்கிறது. அந்த முகவரின் உரையாடலை அழிக்காமல் வையுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்